படிப்பை விட்டால் பழைய நான் திரும்புவேனா?

கேள்வி:

வணக்கம். எனக்கு 47 வயது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். பத்தாம் வகுப்பில் கணக்கில் பள்ளியிலேயே முதல் மார்க் எடுத்தேன். மேலே படிக்க வைக்கவில்லை. 18 வயதில் கல்யாணம். கணவர் எட்டாவது வரை படித்தவர், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மகள் கோவையில் வேலை பார்க்கிறாள். மகன் பாலிடெக்னிக் கடைசி வருடம். மாமியாருக்குச் சர்க்கரை. அவர் இருந்தவரை இன்சுலின் ஊசி போட்டது நான்தான். கடைக்கு ஜிஎஸ்டி வந்தபோது பில் போடக் கற்றுக்கொண்டு, இன்று வரை அதையும் பார்க்கிறேன்.

கொரோனா சமயத்தில் மகனின் ஆன்லைன் வகுப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில் ஆசை வந்தது. தனித்தேர்வராக பிளஸ் ஒன், பிளஸ் டூ எழுதித் தேறினேன். இப்போது திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாத்தனார் ‘கலெக்டர் ஆகப் போறியா’ என்று கேட்டதிலிருந்து, யாராவது வந்தால் புத்தகங்களைத் தையல் மெஷின் உறைக்குள் செருகி வைக்கிறேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காக்களோடு வாசலில் பேசுவதும் முன்பு போல ஒட்டவில்லை.

பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் கொழுந்தனார் மகளின் படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கப் போவதாகப் பேச்சு வந்தது. ‘டிகிரியை முடிக்கட்டுமே’ என்று சொல்லிவிட்டேன். வீடே அமைதியாகிவிட்டது. கணவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ‘நீ முன்ன மாதிரி இல்ல’ என்று மட்டும் சொன்னார்.

போன மாதம் வங்கியில் ஒரு படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் வழக்கம்போல ‘இல்லத்தரசி’ என்று எழுதப் போனேன், கை ஓடவில்லை. ‘மாணவி’ என்று எழுதவும் கூச்சம். படித்ததும் மண்டையில் நிற்பதில்லை. நான் யார் என்றே குழப்பமாக இருக்கிறது. படிப்பை விட்டுவிட்டால் பழைய நான் திரும்புவேனா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். திரும்ப மாட்டீர்கள். படிப்பை நிறுத்தினால் மாலை நேரம் மிச்சமாகும், நாத்தனாரின் கேலி நிற்கும், வீட்டில் கொஞ்ச நாள் சலசலப்பு இருக்காது. ஆனால் கல்யாணப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு எதுவும் தோன்றாமல் காபி டம்ளர்களை எடுத்து வைத்த அந்தப் பழைய பெண் வரமாட்டார். தோன்றுவதையெல்லாம் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்திதான் வருவார். அவரோடு காலம் தள்ளுவது உங்களுக்கும் கஷ்டம், உங்கள் கணவருக்கும் கஷ்டம். உடம்புக்கு முடியவில்லை, பணம் இடிக்கிறது என்றால் படிப்பைக் கொஞ்ச காலம் தள்ளிப் போடலாம், அதில் தப்பே இல்லை. பழைய ஆளாவதற்காக மட்டும் விடாதீர்கள்.

அடுத்தது, உங்கள் கணவர் சொன்னது உண்மை. நீங்கள் முன்பு மாதிரி இல்லைதான். ‘நான் அப்படியேதான் இருக்கேன்’ என்று அவரிடம் சாதிக்கப் பார்க்காதீர்கள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவருக்குத் தெரியாதா? நடுவயதில் படிக்கவோ ஒரு தொழில் கற்கவோ இறங்கி, வீட்டில் மனஸ்தாபம் வந்து என்னிடம் வருபவர்கள் பலரும் இந்த வாக்கியத்தைக் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொண்டு, எடுத்த எடுப்பில் மறுக்கிறார்கள். மறுக்கும்போதே, மாறியது தப்பு என்று தாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. ‘ஆமாங்க, மாறித்தான் இருக்கேன். எதுல மாறியிருக்கேன்னு உங்களுக்குத் தோணுது?’ என்று கேட்டுப் பாருங்கள். சண்டைக்கு இழுக்கும் குரலில் வேண்டாம். தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்களை ஆச்சரியப்படுத்தலாம்.

பெரியவர்களின் கல்வியை ஆராய்ந்த ஜாக் மெசிரோ என்ற அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவருடைய மனைவி நடுவயதில் மறுபடி கல்லூரிக்குப் போய்ப் பட்டப்படிப்பை முடித்தவர். படிக்கப் போன மனைவியிடம் வந்த மாற்றத்தைக் கூட இருந்து பார்த்ததுதான் அவரை யோசிக்க வைத்தது. 1970-களில், இடையில் விட்ட படிப்பைத் தொடர வந்த 83 பெண்களை அவர் ஆராய்ந்தார். அதிலிருந்து பத்துப் படிகள் கொண்ட ஒரு வரிசையைச் சொன்னார். இதுவரை சரி என்று இருந்த வாழ்க்கை திடீரென்று கேள்விக்கு உள்ளாவது முதல் படி. தன்னைத் தானே துருவிப் பார்ப்பதும், அதோடு வரும் குற்ற உணர்வும் வெட்கமும் இரண்டாவது படி. நீங்கள் உங்களிடம் மட்டும் ஏதோ கோளாறு என்று நினைக்கும் அந்தக் கூச்சம் ஐம்பது வருடங்களுக்கு முன்பே வேறொரு நாட்டுப் பெண்களிடம் பார்த்து எழுதி வைக்கப்பட்ட ஒன்று. ‘எனக்கு மட்டும் இப்படி இல்லை’ என்று கண்டுகொள்வது இன்னொரு படி. புதிய பொறுப்புகளைச் செய்து பார்ப்பது, அதில் தைரியம் வருவது என்று போய், கடைசிப் படி என்ன தெரியுமா? மாறிய மனதோடு தன் சொந்த வாழ்க்கைக்குள்ளேயே திரும்ப வந்து பொருந்துவது. வீட்டை விட்டு விலகுவது அந்த வரிசையின் முடிவு இல்லை. நீங்கள் நடுவில் எங்கோ நிற்கிறீர்கள். நடுவில் நிற்பவர்களுக்கு எப்போதுமே, முன்னால் போவதைவிடத் திரும்பிப் போவது சுலபம் என்று தோன்றும்.

‘நான் யார்’ என்ற குழப்பம் ஏன் 47 வயதில் வருகிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல், ஒருவருடைய அடையாளம் எப்படி உருவாகிறது என்பதை நான்கு நிலைகளாகப் பிரித்தார். அதில் ஒன்று, தேடிப் பார்க்காமலே முடிவாகிவிட்ட அடையாளம். என்ன ஆவது, எதை நம்புவது, எப்படி வாழ்வது என்பதைப் பெற்றோரோ மற்றவர்களோ தீர்மானித்துக் கொடுக்க, அதை அப்படியே ஏற்று உறுதியாக நிற்பது. மார்சியா பேசியது கல்லூரியில் படித்த அமெரிக்க ஆண்களோடு. ஆனால் நம் ஊரில் பத்தாவதோடு நிறுத்தப்பட்டு, கல்யாணமாகி, மருமகளாகவும் தாயாகவும் ஆன பெண்களுக்கு அந்த வர்ணனை இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். அப்படி வந்த அடையாளம் பொய் என்று சொல்லவில்லை. உங்கள் இரண்டு பிள்ளைகளும் அந்த வீடும் அதற்குச் சாட்சி. ஆனால் 18 வயதில் கேட்டுப் பார்த்திருக்க வேண்டிய கேள்வியைக் கேட்க விடாமலே பதிலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இப்போது வரலாற்றுப் பாடம் அந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டது. இது பிந்தி வந்த தேடல். நோய் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று. உங்கள் வாட்ஸ்அப்பில் யாராவது கேரளாவின் கார்த்தியாயினி அம்மாவின் செய்தியை அனுப்பியிருப்பார்கள். ஆலப்புழை மாவட்டக்காரர். 2018-இல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி, நூற்றுக்கு 98 வாங்கினார். அப்புறம் குடியரசுத் தலைவர் கையால் விருதும் வாங்கினார். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிற கதை அது. ஆனாலும் உங்கள் நிலைமையோடு அதை ஒப்பிட்டு, ‘அந்தப் பாட்டியே படித்தார், எனக்கென்ன’ என்று உங்களை நீங்களே விரட்டாதீர்கள். 96 வயதில் படிப்பவரிடம் ராத்திரிக்கு என்ன சமையல் என்று யாரும் கேட்பதில்லை. அவர் மாறினால் நிலைகுலைய ஒரு குடும்பம் அவர் தோளில் இல்லை. நடுவயதில் படிப்பவர் தன்னை மட்டும் மாற்றிக்கொள்வதில்லை. கூட இருக்கும் நாலு பேருடைய இடமும் கொஞ்சம் நகர்கிறது. கஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

சரி, புத்தகங்களுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது அந்தத் தையல் மெஷின் உறைதான். 19-ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்று ஒரு பெண் இருந்தார். 12 வயதில் கல்யாணமானவர். பெண் படித்தால் விதவையாகிவிடுவாள் என்று ஊரே நம்பிய காலம். அவர் ஒரு சுவடியிலிருந்து ஒரு ஏட்டை எடுத்துச் சமையலறையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் வாசிக்கக் கற்றார். பிற்காலத்தில் தன் வரலாற்றைத் தானே எழுதினார். அவர் ஒளித்ததற்குக் காரணம் இருந்தது. உங்கள் வீட்டில் யாரும் தடுக்கவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். பிறகு ஏன்? ஒவ்வொரு முறை உறைக்குள் செருகும்போதும் ‘நான் செய்வது திருட்டு வேலை’ என்று உங்கள் மனதுக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

இதற்கு நேர்மாறாக, உங்களுக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றைப் பாருங்கள். 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்துக் கற்ற பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டுவதையும் கற்றுக்கொடுக்க வழி செய்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். தெருவில் கேலி செய்யாமல் இல்லை. ஆனால் சைக்கிள் ஊருக்கு நடுவே நடந்த விஷயம். பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் தினமும் போய் வருவதைப் பார்க்கப் பார்க்க, ஊர் அவளை வேறு மாதிரி பார்க்கப் பழகியது. அதைவிட முக்கியம், அவள் தன்னை வேறு மாதிரி பார்க்கப் பழகினாள். உங்கள் புத்தகங்களையும் வெளியே வையுங்கள். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு போதும். நாத்தனார் மறுபடி கேட்டால் ‘கலெக்டர் இல்ல அண்ணி, பி.ஏ. ரெண்டாவது வருஷம்’ என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். கேலி ஒரே நாளில் நிற்காது. ஒளிப்பதற்கு எதுவும் இல்லை என்று ஆனால் நாளடைவில் சலித்துப் போகும்.

அப்புறம், நீங்கள் கொரோனா காலத்தில்தான் கற்க ஆரம்பித்ததாக நினைக்கிறீர்கள். உங்கள் கடிதமே அப்படிச் சொல்லவில்லை. இன்சுலின் ஊசி போடுவது லேசான விஷயமா? எத்தனை யூனிட் என்று அளவு பார்த்து ஏற்ற வேண்டும், இடம் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும், மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், சர்க்கரை இறங்கி வியர்த்தால் உடனே இனிப்பு கொடுக்கத் தெரிய வேண்டும். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது படித்த கணக்குப் பிள்ளைகளே திணறினார்கள். நீங்கள் கற்றுக்கொண்டு இன்று வரை செய்கிறீர்கள். இதற்கெல்லாம் மார்க் ஷீட் கிடைக்காததால் நீங்களே இதைப் படிப்பில் சேர்க்கவில்லை. ஒரு நோட்டில், கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் கற்ற ஒவ்வொன்றையும் எழுதிப் பாருங்கள். யாரிடம் கற்றீர்கள், முதலில் எதில் தடுமாறினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதை நான் ஒரு பயிற்சியாகவே தருவது உண்டு. பழைய நான், புதிய நான் என்று இரண்டு பேர் இல்லை, ஒரே ஆள்தான் தொடர்ந்து கற்றுக்கொண்டு வந்திருக்கிறார் என்பது எழுதும்போது தன்னால் தெரியும்.

உங்கள் கணவரைப் பற்றி. அவரை நான் பார்த்ததில்லை, ஆகவே இது ஊகம்தான். அவர் கோபத்துக்குப் பின்னால் பயம் இருக்கலாம். எட்டாவதோடு கடைக்கு வந்தவர். இன்று மனைவிக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போகுமோ, நாலு பேர் நடுவில் தன் வார்த்தைக்கு மதிப்புக் குறையுமோ என்று இருக்கலாம். அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: எது மாறாது என்று. கடைக் கணக்கை நீங்கள்தான் பார்ப்பீர்கள், அவருக்கு உடம்பு முடியாவிட்டால் நீங்கள்தான் இருப்பீர்கள். எது மாறும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்: ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, தேர்வு மாதத்தில் எளிமையான சமையல், தோன்றுவதைச் சொல்வது.

இன்னொன்றும் செய்யலாம். நீங்கள் படிப்பது வரலாறு, அவர் விற்பது பூட்டும் தாழ்ப்பாளும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அலிகாரிலிருந்து மெஷினில் செய்த விலை குறைந்த பூட்டுகள் வந்து, கைவேலைப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடியதை அவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்திருப்பார். மாங்காய்ப் பூட்டு செய்யும் ஆள் யார் யார் இன்னும் இருக்கிறார்கள், ஒரு பூட்டுக்குக் கூலி என்ன, எந்த வருடத்தோடு ஆர்டர் குறைந்தது என்பதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்காது. ஒரு நாள் கடை சாத்தியதும் நோட்டோடு உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவரைச் சமாதானப்படுத்தும் தந்திரமாக இதைச் சொல்லவில்லை. அவரிடம் உண்மையிலேயே நீங்கள் கற்க வேண்டியது இருக்கிறது. அது அவருக்கும் தெரியட்டும்.

வாசல் பேச்சு ஒட்டவில்லை என்று வருந்த வேண்டாம். தினமும் உட்கார்ந்த இடத்தில் வாரம் இரண்டு நாள் உட்காருங்கள், போதும். அந்த அக்காக்கள் உங்கள் பிரசவத்துக்கும் மாமியாரின் கடைசி நாட்களுக்கும் கூட நின்றவர்களாக இருப்பார்கள், அந்த உறவு பேச்சின் சுவாரசியத்தை வைத்து அளக்கிற உறவு இல்லை. ஆனால் படிப்பைப் பற்றிப் பேச வேறு ஆட்கள் வேண்டும். ஞாயிறு தொடர்பு வகுப்பு முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல், உங்கள் வயதில் வரும் இரண்டு பேரோடு ஒரு டீ குடியுங்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு தையல் மெஷின் உறை இருக்கும்.

மண்டையில் நிற்பதில்லை என்பதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது ஏற ஏறப் புதிதாக ஒன்றைப் பிடிக்கும் வேகம் குறைவது உண்மை. சொல்வளமும், ஒன்றை ஒன்றோடு பொருத்திப் புரிந்துகொள்வதும் உங்கள் வயதில் குறைவதில்லை. வரலாற்றுக்குத் தேவை அதுதான். லண்டனில் டாக்ஸி உரிமம் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்குப் படித்த 79 பேரை ஆராய்ச்சியாளர்கள் சில வருடங்கள் தொடர்ந்து பார்த்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு மூளையில் நினைவுக்கு முக்கியமான பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு அந்த வளர்ச்சி இல்லை. வளர்ந்த ஆளின் மூளையும் பயிற்சிக்கு ஏற்ப மாறும். திரும்பத் திரும்ப வாசிப்பதைக் குறைத்து, புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதிப் பாருங்கள், மறுநாளும் எழுதிப் பாருங்கள். நன்றாகத் தூங்குங்கள். ரொம்ப மறதி, அசதி என்றால் தைராய்டு, ரத்தசோகை, மாதவிடாய் நிற்கும் காலம் இவற்றில் எதுவாவது காரணமா என்று மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வங்கிப் படிவத்தில் ‘இல்லத்தரசி’ என்றே எழுதலாம், கடையில் பங்கெடுப்பதால் ‘வியாபாரம்’ என்றும் யோசிக்கலாம். வங்கிக்கு வேண்டியது வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். நீங்கள் யார் என்பதை அந்தக் கட்டத்துக்குள் முடிவு செய்ய வேண்டியதில்லை.

எச்சரிக்கையாக ஒன்று. கணவரின் மௌனம் கை நீட்டுவதாகவோ, செலவுக்குப் பணம் தராமல் மடக்குவதாகவோ, வெளியே போகவிடாமல் தடுப்பதாகவோ மாறினால், அது நான் மேலே சொன்ன பேச்சுகளால் தீர்க்கிற விஷயம் இல்லை. 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக, கொழுந்தனார் மகள். பொங்கலன்று நீங்கள் சொன்னது சரி. கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் எல்லோர் நடுவிலும் சொன்னது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும், அதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கருத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு யாரும், நீங்கள் உட்பட, அந்தப் பெண்ணிடம் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. பெரியம்மாவாகத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். படிக்க ஆசை என்றால் முதலில் உங்கள் கணவரிடம் பேசுங்கள், தம்பியிடம் அவர் பேசுவதுதான் எடுபடும். இன்னும் ஒரு வருடம்தானே பாக்கி, அதுவரை பொறுக்கலாமே என்று அவர் கேட்கட்டும். அதையும் மீறிக் கல்யாணம் நடந்தால், எந்தப் படிவம் போட வேண்டும், கட்டணம் எவ்வளவு, வகுப்பு எந்தக் கிழமை, பழைய புத்தகம் யாரிடம் கிடைக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர அந்தக் குடும்பத்தில் இன்று ஒருவர் இருக்கிறார்.